பழைய ஸ்லாப்களும் மலைப்பனியும்

மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி, லேபிள் ஒட்டிய காசுகளைப் பற்றி அமெரிக்கர்கள் எழுதிய கையேடுகள் ஏராளம். எதிலும் இரண்டு விஷயங்கள் இருக்காது. ஒன்று கொடைக்கானலின் ஈரம். மற்றது இந்தியாவின் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். மலைமேல் குடியிருந்துகொண்டு ஸ்லாப் சேர்ப்பவருக்கு இந்த இரண்டும்தான் முதல் பாடம். ஆனால் பெட்டி என்ன, எந்தக் காலத்தது என்று தெரியாமல் இவற்றைப் பேசிப் பயனில்லை. அதனால் பெட்டியில் தொடங்கி மெதுவாக மலையேறுவோம்.

1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தன் நாட்டின் பழைய செப்பு சென்ட்டுகளை விலைமதிப்பதற்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். தேய்ந்து வடிவமே தெரியாத காசுக்கு 1; குறையே இல்லாததற்கு 70. செப்புக்காக வகுத்த கணக்கை 1970-களில் அமெரிக்க நாணயச் சங்கம் எல்லாக் காசுகளுக்கும் எடுத்துக்கொண்டது. புழக்கத்துக்குப் போகாத காசுக்கு 60-ம் அதற்கு மேலும் மதிப்பெண். எண்ணுக்கு முன்னால் ‘எம்எஸ்’ என்று வரும். எம்எஸ் 63-க்கும் 65-க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கொஞ்சம்தான். விலையில் வேறுபாடு சில காசுகளுக்குப் பல மடங்கு. தகராறு அங்கேதான் பிறந்தது. விற்பவர் 65 என்பார், வாங்குபவர் 63 என்பார். நடுவராக ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த நாணயச் சங்கமே 1972-ல் ‘அனாக்ஸ்’ என்ற பிரிவைத் தொடங்கியது. முதலில் காசு அசலா போலியா என்று மட்டும் பார்த்தார்கள். 1979-லிருந்து மதிப்பெண்ணும் தந்தார்கள். காசின் புகைப்படம் ஒட்டிய சான்றிதழில், முன்பக்கத்துக்கு ஒன்று பின்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண்கள். காசு தனி, காகிதம் தனி. நல்ல காசின் சான்றிதழை மட்டமான காசோடு ஜோடி சேர்த்து விற்பது சுலபம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டேவிட் ஹால் உள்ளிட்ட வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய பி.சி.ஜி.எஸ். நிறுவனம் 1986 பிப்ரவரியில் இதற்கு ஒரு முடிவு கட்டியது. காசையும் லேபிளையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஒலியதிர்வால் விளிம்பை உருக்கி ஒட்டிவிட்டார்கள். உடைக்காமல் திறக்க முடியாது. அடுத்த ஆண்டு ஜான் அல்பனீஸ் முதலியோர் என்.ஜி.சி.யைத் தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும் காசுக்காரர்கள் ‘ஸ்லாப்’ என்று சொல்வது இந்தப் பெட்டியைத்தான்.

பெட்டியின் வயதைப் படித்தல்

இந்த இரண்டு நிறுவனங்களும் பல முறை பெட்டியை மாற்றியிருக்கின்றன. மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு தேதி முத்திரை.

பி.சி.ஜி.எஸ்.ஸின் முதல் பெட்டி 1986 முதல் 1989 வரை வந்தது. இன்றைய பெட்டியைவிடச் சிறியது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதற்கான மேடான விளிம்பு கிடையாது. உள்ளே காசு இறுக்கமாக உட்காராது, அசைத்தால் கலகலக்கும். ‘ராட்லர்’ என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்தது அதனால். அந்தச் சத்தத்தைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல் ஆட்டுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசின் விளிம்பு பிளாஸ்டிக்கில் மோதுகிறது. விளிம்பு வடிவத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

அடுத்து அடுக்கு விளிம்போடு வந்த பெட்டிகள். 1989-90 வாக்கில் கொஞ்ச காலம், லேபிளின் பின்னணியில் சரிகைப் பின்னல்போல் புள்ளிக்கோலம் அச்சிட்டிருந்தார்கள். அதன்பின் 1998 வரை இளம்பச்சை லேபிள். ‘பழைய பச்சை ஹோல்டர்’ என்று பெயர்பெற்றது இதுதான், சந்தையில் அதிகம் கிடைப்பதும் இதுதான். 1998-க்குப் பிறகு நீல லேபிள் வந்துவிட்டது. அதை யாரும் பழையது என்று கொண்டாடுவதில்லை.

என்.ஜி.சி.யின் முதல் பெட்டியில் காசைச் சுற்றிக் கறுப்புப் பிடி. 1987-ல் சில மாதங்களே வந்தது; கறுப்பில் காசு எடுபடவில்லையோ என்னவோ, வெள்ளைக்கு மாறிவிட்டார்கள். அந்தக் கறுப்புப் பெட்டியை, உள்ளே என்ன காசு இருந்தாலும் பரவாயில்லை என்று, பெட்டிக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. 1990-களின் பிற்பகுதி வரை வந்த தடித்த வெள்ளைப் பெட்டிக்கு ‘குண்டு’ என்ற பொருளில் ஒரு செல்லப்பெயர். 1989-க்குப் பின் அனாக்ஸும் காகிதத்தை விட்டுச் சிறிய வெள்ளை ஸ்லாபுக்கு வந்தது.

எதற்காக இந்தப் பழைய பெட்டிகளுக்குக் கூடுதல் விலை? மூன்று காரணங்கள் சொல்வார்கள். அன்று மதிப்பெண் கொடுத்தவர்கள் கறாரானவர்கள், இன்று 65 வாங்கும் காசுக்கு அன்று 64-தான் கிடைத்திருக்கும் என்பது முதலாவது. இது பாதி உண்மை. அப்படிக் குறைவாக மதிப்பிடப்பட்டவற்றைக் கண்டுபிடித்து உடைத்து, திரும்ப அனுப்பி, கூடுதல் மதிப்பெண் வாங்குவதையே தொழிலாகச் செய்தவர்கள் முப்பது ஆண்டுகளாக அந்தக் குளத்தில் மீன்பிடித்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் பழைய பெட்டிகளில் கணிசமானவை அவர்கள் பார்த்து, தேறாது என்று விட்டுப்போனவை. இரண்டாவது காரணம் எனக்கு ஏற்புடையது: உடைத்ததால்தான் பழைய பெட்டிகள் அருகிப்போயின. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். 1988-ல் பூட்டிய பெட்டிக்குள் இன்றும் மேற்பரப்பு அமைதியாக இருக்கிறது என்றால், அந்தக் காசு நிலையானது. ரசாயனம் தடவியோ, குறையை மெழுகால் மறைத்தோ ஏமாற்றியிருந்தால் இத்தனை ஆண்டுகளில் பெரும்பாலும் பல்லிளித்திருக்கும்.

உடைப்பவர்களால் வந்த இன்னொரு குழப்பம், நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியல். இந்தக் காசு இந்த மதிப்பெண்ணில் இத்தனை உள்ளன என்று சொல்லும் பட்டியல் அது. உடைத்தவர்கள் பழைய லேபிளைத் திருப்பி அனுப்பாவிட்டால் ஒரே காசு இரண்டு மூன்று முறை கணக்கில் ஏறிவிடும். பட்டியலில் ஐந்து என்றால் உண்மையில் மூன்றாகவும் இருக்கலாம்.

அல்பனீஸ் 2007-ல் சி.ஏ.சி. என்ற இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்லாபைத் திறக்காமலே பார்த்து, மதிப்பெண் நியாயம்தான் என்றால் பச்சை ஸ்டிக்கர், கூடுதலே தரலாம் என்றால் தங்க நிற ஸ்டிக்கர். பழைய பச்சை ஹோல்டரில் தங்க ஸ்டிக்கர் என்பது அமெரிக்கச் சேகரிப்பாளரின் கனவு. இந்த ஸ்டிக்கர் அமெரிக்கக் காசுகளுக்கு மட்டும்தான். இந்திய ரூபாய் இருக்கும் ஸ்லாபில் அப்படி ஒன்றைப் பார்த்தால் விற்பவரிடம் விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

உள்ளே எந்தக் காசு?

கொடைக்கானலுக்கும் அமெரிக்காவுக்கும் உறவு புதிதல்ல. 1845-ல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சர்வதேசப் பள்ளி. ஆகவே இந்த ஊரில் ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் அமெரிக்க வெள்ளி டாலர் தலைகாட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். பழைய பெட்டியில் பழக ஆரம்பிக்கிறவருக்கு 1878 முதல் 1904 வரையிலும் பிறகு 1921-லும் அச்சான மோர்கன் டாலரைப் பரிந்துரைப்பேன். 26.73 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1881-ல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான, ‘எஸ்’ முத்திரையுள்ள டாலர்கள் உயர்ந்த தரத்திலேயே ஏராளமாகத் தப்பியிருக்கின்றன. கண்ணைப் பழக்க அவை போதும்.

இந்தியக் காசுகள் விஷயம் வேறு. நான் பார்த்தவரை, நம் காசுகள் அதிக அளவில் ஸ்லாபுக்குள் போனது 2000-க்குப் பிறகுதான். ராட்லரிலோ பழைய பச்சை ஹோல்டரிலோ ஒரு விக்டோரியா ரூபாய் கண்ணில்பட்டால் அது அபூர்வக் காட்சி. ஆனால் அபூர்வம் என்பதால் விலை ஏறிவிடும் என்று எண்ண வேண்டாம். இந்தியக் காசு வாங்குபவர்களில் பலருக்குப் பெட்டியின் தலைமுறை ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் காசைத்தான் பார்க்கிறார்கள். என் கணிப்பில் அதுதான் சரியும்கூட. வாங்குபவருக்கு இது ஆதாயம். விற்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

லேபிளில் ஒரு சொல்லைத் தவறவிடாதீர்கள்: ‘ரீஸ்ட்ரைக்’. பழைய அச்சுகளைக் கொண்டு கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகள் சேகரிப்பாளர்களுக்காகப் பின்னாளில் மறுபடியும் அடித்துத் தந்த காசுகள் அவை. இந்த வழக்கம் 1970 வரை நீடித்தது. கண்ணாடிபோல் பளபளக்கும், மதிப்பெண் கணக்கிலும் உயரத்தில் இருக்கும். அரசு நாணயச் சாலையிலேயே அடித்தவை, போலி அல்ல. ஆனால் காசின் மேல் 1835 என்று இருந்தாலும் அடித்தது நம் தாத்தா காலத்திலாக இருக்கலாம். மூலக்காசு விலையைக் கொடுத்துவிடக் கூடாது.

ரூபாய்களில் இரண்டுக்கு ஸ்லாப் கட்டாயம் என்பேன். முதலாவது 1939. ஐந்தாம் ஜார்ஜ் போய் ஆறாம் ஜார்ஜ் தலை வந்த பிறகு, 91.67 சதவீத வெள்ளியில் அடித்த கடைசி ரூபாய். மிகவும் அரிது என்பதால் 1938-ன் கடைசி எண்ணைச் செதுக்கி ஒட்டி மாற்றுகிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் ஏமாறக்கூடியது. இன்னொன்று 1911. அரசர் அங்கியில் இருந்த யானை, பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் உருவத்தைத் திருத்தினார்கள். இந்த ரூபாய் 1939 அளவுக்கு அரிதல்ல. ஆனால் நல்ல நிலையில் உள்ளதும் துலக்கித் தேய்த்ததும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும்.

துலக்குவது நம் வீடுகளின் பெரிய வியாதி. வெள்ளி என்றால் புளி, விபூதி, சபீனாத்தூள். பாத்திரத்துக்குச் சரி. காசுக்கு இது ஆயிரக்கணக்கான முடிக்கீறல்களைத் தரும், அடித்தபோது உண்டான ஒளியோட்டத்தை அழித்துவிடும். தர நிறுவனம் இதற்கு எண் கொடுக்காது. ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதிவிடும். முன்பெல்லாம் பெட்டியே கொடுக்காமல் சின்னப் பையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காசுமாலையிலிருந்து கழற்றிய காசுகளுக்கும் இதே கதி: வளையம் பற்றவைத்த தடம் விளிம்பில் 12 மணி இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லாபின் பிடி அந்த இடத்தை மறைக்கக்கூடும், அதனால் சாய்த்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் ஒரே ஒரு ஸ்லாப்தான் வாங்குவார் என்றால் நான் கைகாட்டுவது ரூபாய் அல்ல, ஒரு செப்புக்காசு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்ஹாமில் இருந்த மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் 1808-ல் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை அடிக்கச் செய்தது. அவற்றைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் மூழ்காளிகள் எடுத்த காசுகளில் சில பாறைபோல் ஒட்டிக் கிடந்தன. பீப்பாயின் நடுவில் இருந்தவை வியக்கத்தக்க நிறத்தோடு வந்தன. அவற்றுள் பலவற்றை என்.ஜி.சி. கப்பல் பெயரை லேபிளில் அச்சிட்டுப் பூட்டியிருக்கிறது. ஏற்றுமதியாகி 170 ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்து, நம் ஊர்ச் சந்தைக்கு வந்தே சேராத சில்லறை. விலையும் பயமுறுத்தாது. கடல் அரித்த மேற்பரப்புக்கு மதிப்பெண்ணுக்குப் பதில் வெறும் கப்பற்சேதக் குறிப்பே இருந்தாலும் வாங்கலாம். இங்கே கதைக்குத்தான் காசு.

பழங்காசுகளுக்கு இந்த அத்தியாயத்தில் இடம் குறைவு. என்.ஜி.சி. பழங்காலக் காசுகளை எடுத்துக்கொண்டதே 2008-ல்தான். அச்சுக்கு ஐந்து, மேற்பரப்புக்கு ஐந்து என்று தனிக் கணக்கு. ஆகவே 1990-களின் குண்டுப் பெட்டியில் சங்ககாலச் சதுரக் காசு என்று யாராவது நீட்டினால் பெட்டியோ லேபிளோ பொய்.

உடைக்காதீர்கள்

1972-ம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்படி 100 ஆண்டுக்குக் குறையாத வயதுள்ள காசு தொல்பொருள். மத்திய அரசோ அது அங்கீகரித்த முகமையோ தவிர யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. வரையறை காசின் வயதைச் சொல்கிறதே தவிர, எந்த நாட்டுக் காசு என்று கேட்கவில்லை. அதாவது அமெரிக்காவிலிருந்து ராட்லரில் வந்த 1881 டாலரும் இங்கே வந்தபின் இந்தக் கணக்கில் விழுகிறது. இந்தக் கோடு ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஆண்டு நகர்ந்துகொண்டே வரும். போன ஆண்டு தபாலில் போகக்கூடிய காசு இந்த ஆண்டு போக முடியாததாகலாம்.

அமெரிக்கக் கையேடு சொல்லும் பாதி யோசனைகள் இந்த இடத்தில் உதிர்ந்துவிடுகின்றன. அங்கே பழைய ஸ்லாபை உடைத்துத் திரும்ப அனுப்புவது ஒரு சூதாட்டம். தோற்றால் மறுபடி அனுப்பிப் பார்க்கலாம். இங்கே நூறாண்டு தாண்டிய காசின் பெட்டியை உடைத்தால் அது வெறும் காசு. அந்தப் பெட்டி திரும்ப வராது, அதோடு சேர்ந்த சாட்சியமும் போச்சு. 1988-ல் ஒரு நிபுணர் இதைப் பார்த்து அசல் என்றார் என்பதற்கு உங்களிடம் இருந்த ஒரே ஆவணத்தை நீங்களே சுத்தியலால் அடித்திருப்பீர்கள். பெட்டி கீறியிருக்கிறது, லேபிள் மங்கியிருக்கிறது, புது ஸ்லாப் அழகாக இருக்கிறது என்பதெல்லாம் காரணமே ஆகாது. கீறல் பிளாஸ்டிக்கில்தான், பிளாஸ்டிக் பாலிஷை மெல்லிய துணியில் தொட்டு, லேபிள் பக்கம் போகாமல், காசுக்கு மேலுள்ள பகுதியை வட்டமாகத் துடைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உள்ளே காசின் மேல் பச்சைப் பிசின் படர்கிறது, அதாவது முன்பு பி.வி.சி. உறையில் இருந்து ஒட்டிக்கொண்ட எச்சம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்றால், காத்திருப்பது காசைத் தின்னக் கொடுப்பது. அப்போது உடைக்கலாம். உடைக்கும் முன் ஸ்லாபின் இரு பக்கங்களையும், நான்கு விளிம்புகளையும், சான்றெண்ணையும் படமெடுங்கள். உடைத்த பிளாஸ்டிக் துண்டுகளையும் லேபிளையும் காசோடு ஒரே பையில் வைத்திருங்கள்.

காசு நூறாண்டுக்கு உட்பட்டதா என்ற ஐயம் வந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று கேட்கும் வழி இருக்கிறது. பேச்சோடு பேச்சாக இன்னொரு சட்டம்: மண்ணுக்கடியில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். இந்த மலைச்சாரலில் இது ஏட்டுச் சட்டம் அல்ல. பழனி அருகே கலையம்புத்தூரில் 1856-ல் ரோமப் பொற்காசுகள் ஒரு குவியலாகக் கிடைத்தன. சட்டத்துக்கு முந்திய காலம். அடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வு அண்மைக் காலத்தது. தோட்டத்தில் கிடைத்ததை ஸ்லாபுக்குள் வைத்தால் சட்டபூர்வமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன். ஆகாது.

பனி

பழனியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலையைத் தாண்டும்போது உப்பிவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டரில் காற்றழுத்தம் அடிவாரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்லாப் உப்புவதில்லை. கெட்டி பிளாஸ்டிக் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அது காற்றுப் புகாத பெட்டியே அல்ல. தயாரிப்பவர்களே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. மலை ஏறும்போது உள்ளிருக்கும் காற்று மெல்ல வெளியேறுகிறது, இறங்கும்போது சமவெளிக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பெட்டி மூச்சுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் கொடைக்கானலில் அந்த மூச்சில் பாதி தண்ணீர்.

இதில் முதலில் பாதிக்கப்படுவது செப்பு. அட்மிரல் கார்ட்னர் காசில் மங்கிய பச்சைப் புள்ளி தோன்றினால் தாமதிக்காதீர்கள். அடுத்தது 1940 முதல் 1945 வரையிலான ரூபாய்கள். அவற்றில் வெள்ளி பாதிதான்; 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். 1939 வரையிலான ரூபாய் நிதானமாக நிறம் மாறும், சில சமயம் அழகாகவும் மாறும். தங்கத்துக்குப் பயமில்லை, 1918-ல் பம்பாயில் ‘ஐ’ முத்திரையோடு அடித்த சவரனை எங்கே வைத்தாலும் பனி அதை ஒன்றும் செய்யாது. 1947 நிக்கல் ரூபாயும் அநேகமாகத் தாங்கும்.

வெள்ளியைக் கறுக்கவைப்பது ஈரத்தைவிடக் கந்தகம். மலைவீடுகளில் கந்தகம் எதிர்பாராத இடங்களிலிருந்து வரும். கம்பளி ஒன்று, குளிர்காலத்தில் ஸ்வெட்டர் அடுக்கிய அலமாரியில் காசுப் பெட்டியைத் திணிப்பது வழக்கம், செய்யக் கூடாதது. ரப்பர் பேண்ட், தீப்பெட்டி, விறகடுப்புப் புகை. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டைப் புகைமூட்டத்தில் கட்டித் தொங்கவிட்டுக் காப்பார்கள். பூண்டின் நெடியே கந்தகச் சேர்மம்தான். பூண்டு தொங்கும் கூரைக்குக் கீழே வெள்ளிக்காசு வேண்டாம். புதிய பிளைவுட் அலமாரியும் நல்லதல்ல. பசையும் மரமும் அமில ஆவி விடும்.

செய்ய வேண்டியது எளிமையானது. ஒவ்வொரு ஸ்லாபையும் பி.வி.சி. கலக்காத உறையில் போடுங்கள். பத்துப் பன்னிரண்டை, ரப்பர் வளையம் தொடாமல் இறுக மூடும் பாலிப்ரோப்பிலீன் டப்பாவில் நிறுத்துங்கள், சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு. நிறம் மாறும் ஜெல்லாக வாங்குங்கள். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். அடுப்பில் 120 டிகிரி அளவில் சூடுபடுத்தினால் மறுபடி நீலமாகும். மழைக்காலத்தில் மாதம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டியிருக்கும், கோடையில் மறந்துவிடலாம். டப்பாவுக்குள் ஒரு சிறிய ஈரமானி வைத்து 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் போதும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். அந்தச் சுவர்தான் இரவில் வியர்க்கும்.

கீழிறங்கும்போது இன்னொரு சிக்கல். குளிர்ந்த ஸ்லாபை வத்தலக்குண்டில் பையிலிருந்து எடுத்தால் மறுநிமிடம் முத்து முத்தாக நீர் கோக்கும். ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஊர் போய்ச் சேர்ந்து அரைநாள் திறக்காமல் விடுங்கள். வாங்கிக்கொண்டு மேலேறும்போதும் இதே ஒழுங்கு. கீழ்க்காற்றில் இருக்கும் ஈரம் மேலே குளிர்ந்து காசின் மேலேயே படியும்.

வாங்கும் இடம்

பழனி அடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் பழைய காசு விரித்து வைத்திருப்பவர்களிடம் ஸ்லாப் கிடைக்காது. கிடைப்பது வேறு. “சாமி, ஈஸ்ட் இந்தியா கம்பெனி காசு. 1818. ஆஞ்சநேயர் இருக்காரு பாருங்க, பூஜை ரூம்ல வெச்சா காசு நிக்கும்” என்பார். “இருக்கட்டும்ண்ணே” என்று நகர வேண்டியதுதான். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பித்தளையில் அடித்த கற்பனை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று லட்சக்கணக்கில் பேசுகிறவர் வந்தால் காவல் நிலையத்தின் வழி தெரிந்திருப்பது நல்லது.

ஸ்லாப் பெரும்பாலும் ஏலத்திலும் கண்காட்சிகளிலும் நகரத்து வணிகர்களிடமும்தான். போலி ஸ்லாப்களும் புழங்குகின்றன, அதனால் பெட்டியைக் கண்டதும் மயங்க வேண்டாம். லேபிளில் உள்ள சான்றெண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டிப்பாருங்கள். பழைய எண்களுக்குப் பெரும்பாலும் படம் வராது, காசின் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் வரும். அது லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். போலி செய்கிறவர்கள் உண்மையான எண்ணையே திருடுவார்கள் என்பதால் எண் பொருந்துவது பாதிச் சோதனைதான். விளிம்பின் ஒட்டு ஒரே சீராக இருக்கிறதா, ஓரங்களில் வெளிறிய நெம்புத்தடம் இருக்கிறதா, எழுத்துரு அந்தத் தலைமுறைக்கு உரியதா என்று பாருங்கள். பூட்டிய காசை எடைபோட முடியாது. அதனால் 10 மடங்கு லென்ஸும் ஒரே ஒரு மஞ்சள் விளக்கும் வேண்டும். காசை மெல்லச் சாய்த்தால் ஒளி சக்கரம்போல் சுற்றி வர வேண்டும். சுற்றாமல் சாம்பலாக அப்பிக் கிடந்தால், மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ரசீதில் சான்றெண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்லாப் என்றால் சுங்கவரி கட்டிய தாளின் நகல் கேளுங்கள். நாளை உங்கள் பிள்ளைகள் விற்கும்போது இந்த இரண்டு தாள்களும் பேசும். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு காசு என்று, சான்றெண், பெட்டியின் வகை, வாங்கிய நாள், விலை, யாரிடம் கேட்டு விற்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதுங்கள். மேலே பெரிய எழுத்தில் ‘பெட்டியை உடைக்க வேண்டாம்’ என்றும் எழுதுங்கள். வங்கி லாக்கரை நம்புகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தீ, திருட்டு, ஊழியர் மோசடியில் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கோடு சரி. அதற்கு மேல் உள்ள மதிப்புக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும், அதற்கு அந்த நோட்டும் படங்களும் தேவைப்படும். நோட்டின் நகல் ஒன்றை லாக்கருக்கு வெளியே, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.